'பிபி கஃப்' என்று எழுதியிருந்தால் அப்படியே நம்பாதீர்கள்

அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு கிளெய்ம்களுக்கு கோடிங் செய்பவர்களுக்கு, அதாவது டாக்டர் நோட்டைப் பார்த்து பில்லுக்கான கோடு போடுபவர்களுக்கு, ஒரு சின்னக் குறிப்பு. டாக்டர் நோட்டில் 'ஹோம் பிபி கஃப் கொடுக்கப்பட்டது' என்று இருக்கும். டாக்டர்களின் பேச்சு வழக்கில் கஃப் என்றால் முழு மெஷின்தான். அவசரத்தில் ஏ4663 போட்டுவிட்டால், அது கையில் சுற்றும் பட்டைக்கு மட்டும் உரிய கோடு. தானியங்கி மெஷினுக்கு ஏ4670. ஸ்டெதாஸ்கோப்போடு வரும் பழைய வகைக்கு ஏ4660. சந்தேகம் வந்தால் டெலிவரி ரசீதைத் திறந்து பாருங்கள், ஒரு நிமிட வேலை.

ஹோம் டயாலிசிஸ் நோயாளி தவிர மற்றவர்களுக்கு மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) பொதுவாக வீட்டு பிபி மெஷினுக்குப் பணம் தராது. மெடிகெய்டு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

பலரும் கோட்டைவிடுவது 2020-இல் வந்த இரண்டு சிபிடி கோடுகளில்தான் (சிபிடி என்பது மருத்துவச் சேவைகளுக்கான கோடு). நோயாளிக்கு மெஷினைப் பழக்கிக்கொடுத்து, சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பதற்கு 99473. ஒரு மெஷினுக்கு ஒரே தடவை. வீட்டில் எடுத்த அளவுகளுக்கு 99474. காலை இரண்டு, மாலை இரண்டு என்று எடுத்து, 30 நாளில் குறைந்தது 12 அளவுகள் வேண்டும். பதினொன்றுதான் இருக்கிறதா? பில் போடாதீர்கள். சராசரியும், அதைப் பார்த்து டாக்டர் நோயாளிக்குச் சொன்ன சிகிச்சைத் திட்டமும் நோட்டில் இருக்க வேண்டும்.

அப்புறம், ரத்த அழுத்த நோய் என்று டாக்டர் உறுதியாக எழுதாமல், அளவு கூடியிருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்த நோய்க்கான ஐ10 கோடு கூடாது, அளவு கூடியதை மட்டும் குறிக்கும் ஆர்03.0 தான்.