பிள்ளை முழங்காலைக் காட்டினாலும் இடுப்பையும் பாருங்கள்

இரவு கால் வலி என்று அழுத பிள்ளை, விடிந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியாடினால் அது பெரும்பாலும் வளர்ச்சி வலி. 3 வயதிலிருந்து 12 வயதுக்குள் வரும். பெயர்தான் அப்படி, பிள்ளை கிடுகிடுவென வளரும் காலத்தில் இது கூடுவதில்லை. கெண்டைக்கால், தொடையின் முன்பக்கம், முழங்காலின் பின்புறம் என இரண்டு கால்களிலும் வலிக்கும். இன்று ஒரு கால், நாளை மறுகால் என்று மாறவும் செய்யும். மூட்டு வீங்காது. பிடித்துவிட்டால் பிள்ளைக்குச் சுகமாக இருக்கும். தொடவே விடாமல் காலை இழுத்துக்கொண்டால் அது வேறு சங்கதி.

வளர்ச்சி வலிக்கு 10 நிமிடம் மெதுவாகப் பிடித்துவிடுவதும் இளஞ்சூட்டு ஒத்தடமும் போதும். அடங்காவிட்டால் பாராசிட்டமால், எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். தவறு நடப்பது சிரப்பில்தான்: 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. 16 கிலோ பிள்ளைக்கு 240 மில்லிகிராம் தேவை. முதல் வகையில் அது 10 மில்லி. இரண்டாவதில் 5 மில்லிக்கும் சற்றுக் குறைவு. வயதை வைத்து ஊற்றாமல் பாட்டிலில் உள்ள எண்ணைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். ஆஸ்பிரின் கூடாது.

இனி இடுப்பு. இடுப்பு மூட்டுக்குப் போகும் நரம்பின் கிளை முழங்காலுக்கும் போவதால், கோளாறு இடுப்பில் இருக்க, பிள்ளை முழங்காலைக் காட்டும். முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்து "ஒன்றுமில்லை" என்று திரும்பி வருவது இதனால்தான். நாள் கடந்துபோகும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. காலையில் எழுந்ததும் வெறுங்காலோடு பத்தடி நடக்கச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு காலில் நிற்கும் நேரம் குறைகிறதா, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா? பிறகு குப்புறப் படுக்கவைத்து இரண்டு முழங்காலையும் செங்குத்தாக மடக்குங்கள். தொடைகள் அசையாமல், பாதங்கள் தாமாக இருபுறமும் வெளியே சாயட்டும். ஒரு பாதம் மற்றதைவிடக் குறைவாகச் சாய்ந்தாலோ, சாயும்போது பிள்ளை முகம் சுளித்தாலோ அந்தப் பக்க இடுப்பு மூட்டைச் சந்தேகியுங்கள். அழுத்தித் தள்ளவேண்டாம்.

சளி காய்ச்சல் வந்துபோன ஓரிரு வாரத்தில் நொண்டினால், மூட்டின் உள்சவ்வில் ஏற்படும் தற்காலிக அழற்சியாக இருக்கலாம். 3 முதல் 10 வயதுவரை மிகச் சாதாரணம். ஓய்வில் ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். ஆனால் மருத்துவர் பார்த்துத்தான் அப்படிச் சொல்ல வேண்டும். 4 முதல் 10 வயதுக்குள், குறிப்பாக ஆண் பிள்ளை, அவ்வளவாக வலியே இல்லாமல் வாரக்கணக்கில் நொண்டினால் பெர்த்தெஸ் நோயை நினைக்க வேண்டும்: தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது நைந்துபோகிறது. 10 வயதைத் தாண்டிய, எடை கூடிய பிள்ளைக்குத் தொடையிலோ முழங்காலிலோ வலி, கூடவே பாதம் வெளியே திரும்பிய நடை என்றால், தொடை எலும்பின் தலை, எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவிக்கொண்டிருக்கலாம். அன்றைக்கே நடையை நிறுத்தித் தூக்கிக்கொண்டோ சக்கர நாற்காலியிலோ கொண்டுபோங்கள். இன்னும் நாலடி நடந்தால் முழுக்க நழுவிவிடக்கூடும்.

ராத்திரியானாலும் காத்திருக்கக் கூடாத நிலை ஒன்றுண்டு: 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், காலை ஊன்றவே மறுப்பது. மூட்டில் சீழ் பிடித்திருந்தால் குருத்தெலும்பு ஓரிரு நாளிலேயே அரிபடத் தொடங்கும். பாராசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும் என்பதால், கொடுக்கும் முன் வெப்பமானியில் பார்த்து நேரத்தோடு எழுதி வையுங்கள்.

முகம் வெளுப்பு, காரணமில்லாத கன்றல், எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் எலும்பு வலி ஆகியவை சேர்ந்து வந்தால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

எக்ஸ்ரே எழுதினால் இரண்டு இடுப்பும் ஒரே படத்தில் விழுகிறதா, தொடைகளைத் தவளைபோல் விரித்து எடுக்கும் படமும் உண்டா என்று கேளுங்கள். லேசான நழுவல் நேர்ப்படத்தில் தப்பிவிடும். பெர்த்தெஸ் தொடக்கத்தில் படம் சரியாகவே இருக்கக்கூடும். நொண்டல் நிற்காவிட்டால் சில வாரத்தில் மீண்டும் எடுக்க வேண்டும்.