முதலாளி கடைசியில் பேசட்டும், முடிவு அன்றே வரட்டும்

தொழில் வளர வளர, தவறு முதலில் கண்ணில் படுவது வேலை செய்பவருக்குத்தான், முதலாளிக்கு அல்ல. டொயோட்டா தொழிற்சாலைகளில் அதற்காகவே 'ஆண்டன்' கயிறோ பொத்தானோ இருக்கிறது. பழுதைப் பார்க்கும் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். குழுத்தலைவர் உடனே வருவார். அந்த வேலைக்குரிய நேரத்துக்குள் சரியாகவில்லை என்றால் உற்பத்தி வரிசையே நிற்கும்.

சின்னப் பட்டறையிலும் தவறைப் பார்த்தவர் வாய் திறக்க இப்படி ஒரு வழி வைக்கலாம். வாரம் ஒருமுறை 30 நிமிடம் எல்லாரும் உட்காருங்கள். புதிதாகச் சேர்ந்தவர் முதலில் பேசட்டும், முதலாளி கடைசியில். முதலாளி முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டு எழுந்து போவார்கள். பெரும்பாலும் கெடுவது இங்கேதான். எழுந்திருக்கும் முன் நோட்டில் எழுதிவிடுங்கள்: என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள்.

பிறகு மாற்றிக்கொள்ளக்கூடிய முடிவு என்றால், உதாரணமாகப் புது சப்ளையரிடம் ஒரு லோடு வாங்கிப் பார்ப்பது, அன்றே எடுங்கள். கடன், புது மெஷின், கிளை ஆகியவற்றுக்கு ஒரு வாரம் விசாரியுங்கள், போதும். எல்லாரும் ஒத்துக்கொள்ளட்டும் என்று காத்திருந்தால் சீசனே போய்விடும். மறுத்துப் பேசியவரின் காரணத்தையும் அதே பக்கத்தில் குறித்து வையுங்கள். முடிவு பிசகினால் முதலில் புரட்ட வேண்டிய பக்கம் அது.