ஆடத் தெரிந்த பிள்ளையை நடிக்கக் கூட்டிப்போகும் முன்

"பொண்ணு சூப்பரா ஆடுறா, சினிமாவில் விட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்கும் பெற்றோருக்குத்தான் இது. முதலில் அவளிடமே கேளுங்கள். ஆசை உங்களுடையது மட்டும்தான் என்றால் இதோடு நிறுத்திவிடலாம்.

சரி, அவளுக்கும் ஆசைதான் என்றால் முதலில் பரதநாட்டிய வகுப்பில் அடவுகளை (அடிப்படை ஆட்ட அசைவுகளை) ஒழுங்காக முடிக்கட்டும். முழங்காலை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டி நிலை சரியாக வரவே மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் ரீல்ஸ் எடுக்க அவசரப்படுத்தாதீர்கள்.

நடனம் படித்த பிள்ளைகளுக்கு கேமரா முன்னால் ஒரு சிக்கல் உண்டு. மேடையில் ஆடும்போது கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டுமென்று கண்ணையும் புருவத்தையும் பெரிதாக ஆட்டிப் பழகியிருப்பார்கள், அதே முகம் குளோசப்பில் மிரட்டுவது போல இருக்கும். கையில் ஒரு பிடி வேர்க்கடலையைக் கொடுத்து, உரித்துக்கொண்டே "அம்மா, பசிக்குதும்மா" என்று சொல்லச் சொல்லி, இரண்டடி தூரத்தில் செல்போனை வைத்து எடுங்கள். முதல் தடவை புருவம் நெற்றிக்கு ஏறும். ஐந்தாறு தடவைக்குப் பிறகு கவனமெல்லாம் கடலைக்குப் போய்விடும், முகம் தானாக அடங்கும். ஆடிஷனுக்கு அனுப்ப வேண்டியது அந்த வீடியோதான், பட்டுப் பாவாடையும் மேக்கப்புமாக எடுத்ததை அல்ல.

வாய்ப்பு வந்தால் கதையைக் கேட்பதற்கு முன் ஷூட்டிங் நேரத்தைக் கேளுங்கள். 14 வயது நிறையாத பிள்ளையை நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேலும் கூடாது. இதெல்லாம் விதியிலேயே இருக்கிறது. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியைத் தயாரிப்பாளர்தான் வாங்க வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் வங்கி வைப்புநிதிக்குப் போக வேண்டும், அந்த ரசீதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். 'முன்பணம் கட்டுங்கள், ரோல் நிச்சயம்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள் (நாங்கள் அப்படி எழுந்து வரவில்லை, பணம் போனதுதான் மிச்சம்).

அப்புறம், குழந்தை முகம் மாறும் வயதை யாரும் யோசிப்பதில்லை. கமல்ஹாசன் 1960ல் 'களத்தூர் கண்ணம்மா'வில் சிறுவனாக நடித்துக் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கமே வாங்கியவர். அவரே பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவுக்குப் போனார், சினிமா நடன இயக்குநர் தங்கப்பன் மாஸ்டரிடம் உதவியாளராக இருந்தார். சாய் பல்லவி 2008ல் டிவி நடனப் போட்டியில் ஆடினார், கதாநாயகியானது 2015ல். நடுவில் ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்கப் போனார்.

அதனால் 13, 14 வயதில் போன் வருவது நின்றால் பதறி இன்னொரு போட்டோஷூட்டுக்குச் செலவு செய்யாதீர்கள். அந்தக் காசில் அடுத்த மாத டான்ஸ் கிளாஸ் ஃபீஸைக் கட்டுங்கள், பரீட்சைக்கும் படிக்க விடுங்கள்.