பிப்ரவரி 2க்கு வீட்டிலேயே மெழுகுதிரி தோய்ப்பது எப்படி

கிறிஸ்துமஸ் குடிலைப் பிரித்து அட்டைப்பெட்டியில் போட்ட கையோடு பிப்ரவரி 2 வந்து நிற்கும். ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழா. பினாங்கில் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது மெழுகுதிரித் திருநாள்தான். பூசைக்கு முன் திரிகளை மந்திரித்து, ஏந்திக்கொண்டு பவனி போவோம். மூன்று வருடமாக நானே செய்த திரியைத்தான் கொண்டுபோகிறேன். முதல் வருடத் திரி பென்சில் அளவுதான் இருந்தது, அந்தக் கதை கீழே.

தேதியை நீங்களே விரல் விட்டு எண்ணலாம். டிசம்பர் 25ஐ முதல் நாளாக வைத்தால் நாற்பதாவது நாள் இது. ஆண் குழந்தை பெற்ற தாய் நாற்பது நாள் கழித்து ஆலயத்துக்குக் காணிக்கையோடு போக வேண்டும் என்பது யூதச் சட்டம். ஆட்டுக்கு வசதி இல்லாதவர்கள் ஒரு ஜோடி புறா கொடுக்கலாம், இயேசுவின் தாய் மரியாவின் குடும்பம் கொடுத்ததாக லூக்கா நற்செய்தி சொல்வதும் அந்தக் காணிக்கையைத்தான். அங்கே கிழவர் சிமியோன் குழந்தை இயேசுவைக் கையில் வாங்கி, பிற இனத்தாருக்கும் இது ஒளி என்றார். நாம் திரி ஏந்துவது அந்த ஒரு வார்த்தைக்காக. நாலாம் நூற்றாண்டு எருசலேமில் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய ஜனவரி 6இலிருந்து எண்ணியதால் பிப்ரவரி 14இல் கொண்டாடினார்கள். ரோமானியர்களின் லூப்பர்காலியா என்ற பழைய பிப்ரவரிப் பண்டிகையை மாற்றி வைத்ததுதான் இது என்று இணையத்தில் அடித்துச் சொல்கிறார்கள், நாற்பதை எண்ணினாலே தேதி கிடைக்கும்போது அந்தக் கதை எதற்கு என்பது என் கட்சி.

ஐரோப்பாவில் இது குளிர்காலம் பாதி கடந்த சமயம். பிரான்சில் அன்றைக்கு க்ரேப் என்ற மெல்லிய தோசை சுடுவார்கள். போலந்தில் மந்திரித்த திரிக்குப் பெயரே இடியிலிருந்து வந்தது, க்ரோம்னிட்சா, புயல் வந்தால் ஏற்றி வைப்பார்கள். எங்கள் பாட்டி போலந்து என்ற பேரையே கேட்டிருக்க மாட்டார், ஆனால் சாயங்காலம் இடி இடித்தால் அலமாரியில் அந்தத் திரியைத்தான் தேடுவார்.

சரி, வேலைக்கு வருவோம். தேன்மெழுகு ஒரு கிலோ (பாரஃபின் மலிவு, ஆனால் கோயில் திரி காலங்காலமாகத் தேன்மெழுகு, வாசனைக்காகவே நான் மாறமாட்டேன்), உயரமான எவர்சில்வர் ஜக், அதை நிறுத்தி வைக்கிற அளவுக்குப் பெரிய சட்டி, சாத்தே குச்சி (இறைச்சி கோத்துச் சுடும் மூங்கில் குச்சி), கனத்துக்கு இரண்டு இரும்பு நட்டு. அப்புறம் பின்னிய பருத்தித் திரி. லிட்டில் இந்தியா பூசைக் கடையில் கிடைக்கும் விளக்குத் திரி வேண்டாம். பின்னிய திரி எரியும்போது தானே வளைந்து சுடரின் ஓரத்தில் சாம்பலாகிவிடும். 1820களில் பிரான்சில் திரியைப் பின்ன ஆரம்பிக்கும்வரை, கூடவே இருந்து கரியைக் கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்ததாம்.

சட்டித் தண்ணீரில் ஜக்கை வைத்து மெழுகை உருக்குங்கள். நேராக அடுப்பில் வைக்கவே கூடாது. ஒரே திரியை மடித்து நடுவில் குச்சியைக் கொடுத்து, இரண்டு நுனியிலும் நட்டைக் கட்டினால் ஒரு ஜோடி. முதல் முறை குமிழி நிற்கும்வரை மெழுகிலேயே விடுங்கள். அப்புறம் முக்கி, உடனே எடுத்து, ஆறவிட்டு, மறுபடி முக்க வேண்டும். இருபத்தைந்து முப்பது தடவை.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். தேன்மெழுகு 62-64 டிகிரியில் உருகும். உருகிவிட்டதே என்று அடுப்பைக் குறைக்காமல் விட்டேன். மெழுகு 90ஐத் தொட்டிருக்கும், ஒவ்வொரு முக்கலும் புதுப் படலத்தைச் சேர்ப்பதற்குப் பதிலாகப் பழைய படலத்தைக் கரைத்துக்கொண்டே இருந்தது. நாற்பது தடவை முக்கினேன், பென்சில்தான். 70-74 டிகிரியில் நிறுத்துங்கள், தெர்மாமீட்டர் இல்லாமல் இறங்காதீர்கள். நம்மூர் வெக்கையில் ஒரு படலம் ஆற நாலு நிமிடமாவது ஆகும், தொட்டால் ஒட்டக்கூடாது. மதியம் வேண்டாம், விடியற்காலையில் செய்யுங்கள்.

பின்சேர்க்கை: சீக்கிரம் ஆற வேண்டும் என்று ஒருவர் நடுநடுவே தண்ணீரில் முக்கியிருக்கிறார், ஏற்றியபோது திரி பட் பட்டென்று வெடித்ததாம். படலங்களுக்கு நடுவே ஈரம் மாட்டிக்கொண்டால் அப்படித்தான். முக்கினால் ஒரு சொட்டு விடாமல் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் மின்விசிறியே போதும்.

முடிந்ததும் அடியை நட்டோடு வெட்டிவிடுங்கள். ஜோடியை உடனே பிரிக்க வேண்டாம். மறுநாள் பிப்ரவரி 3, புனித பிளேஸ் திருநாள், தொண்டையில் மீன்முள் சிக்கிய சிறுவனைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படும் ஆயர். மந்திரித்த இரண்டு திரிகளைக் குறுக்காகத் தொண்டையருகே வைத்து ஆசீர்வதிப்பார்கள், ஜோடித் திரி அதற்கென்றே செய்தது மாதிரி இருக்கும்.

கோயிலுக்குக் கொண்டுபோகும்போது காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். அப்படி வளைந்துவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, மேசைமேல் உருட்டினால் நேராகிவிடும்.