ஸ்வீட் கார்னுக்குத் தண்ணீர் விடும் முறை: கதிர் பொக்கை விழாமல் இருக்க

போன வருடம் தைப்பட்டத்தில் போட்ட ஸ்வீட் கார்னை உரித்துப் பார்த்தபோது பாதிக் கதிர்களில் மணிகள் இடையிடையே இல்லை. உரம் போதவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். இந்த வருடம் அதே செம்மண் பாத்தி, அதே தொழுவுரம். தண்ணீர் விடும் முறையை மட்டும் மாற்றினேன். கதிர் நுனி வரை மணி கட்டியது. அந்த முறைதான் இது.

பாத்தி

ஒரே நீள வரிசையாக நடாதீர்கள். நான்கு குட்டை வரிசைகளாகச் சதுரமாக நடுங்கள். காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கிறது. வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ.

முதல் மூன்று வாரம்

மண் ஈரமாக இருந்தால் போதும். ஐந்தாறு இலை விடும் வரை வளரும் குருத்து மண்ணுக்குள்தான் இருக்கும், அதனால் தண்ணீர் தேங்கவே கூடாது.

எவ்வளவு விடுவது?

அதன் பிறகு சதுர மீட்டருக்கு வாரம் 25 லிட்டர். பங்குனி வெயிலில் 35 முதல் 40 லிட்டர் வரை கேட்கும். ஓஸ் பைப்பை வாளியில் பிடித்து, 15 லிட்டர் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தே விடலாம்.

நான் தவறியது இங்கேதான். தினமும் மாலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தேன். மேல்மண் கறுத்து ஈரமாகத் தெரியும், இரண்டு விரல் கீழே புழுதி. இப்போது வாரத் தண்ணீரை இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து, நின்று நிதானமாக விடுகிறேன். ஒரு மணி நேரம் கழித்து நீளமான ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்திப் பாருங்கள். ஒரு சாண் ஆழம் தடையில்லாமல் இறங்க வேண்டும், காய்ந்த மண் வந்ததும் நின்றுவிடும். ஈரம் பார்க்கும் மீட்டரெல்லாம் வாங்க வேண்டாம், எனக்கு ஸ்க்ரூடிரைவர்தான் நம்பிக்கை. கரிசல் மண் ஈரத்தை நன்றாகப் பிடிக்கும் என்பதால் இடைவெளியைக் கூட்டிக்கொள்ளலாம்.

பூ வரும் இரண்டு வாரம்

இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். உச்சியில் ஆண் பூ விரிந்து இரண்டு மூன்று நாளில் கதிர் நுனியில் பட்டு நூல் எட்டிப் பார்க்கும். அந்த ஒவ்வொரு நூலும் ஒரு மணிக்கு உரியது. மகரந்தம் படாத நூலுக்கு மணி கிடையாது. மண் காய்ந்தால் நூல் வெளியே வரத் தாமதமாகும், அதற்குள் மகரந்தம் கொட்டித் தீர்ந்துவிடும். போன வருடம் சரியாக அந்த நாட்களில் ஊருக்குப் போய்விட்டேன், நான்கு நாள் தண்ணீர் இல்லை. பொக்கைக்குக் காரணம் அதுதான்.

ஆகவே ஆண் பூ தலைகாட்டிய நாளிலிருந்து ஒரு தடவைகூடத் தவறவிடாதீர்கள். வெளியூர் போக வேண்டியிருந்தால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பூவாளியால் தலைமேல் ஊற்றவும் வேண்டாம். மகரந்தம் பெரும்பாலும் காலையில்தான் கொட்டும், நனைந்தால் பறக்காது. வேரடியில் மட்டும் விடுங்கள். வைக்கோலோ காய்ந்த இலையோ மூடாக்குப் போட்டால் ஈரம் நிற்கும். தண்டிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.

அறுவடை வரை

நூல் காய்ந்துவிட்டது என்று தண்ணீரை நிறுத்தக் கூடாது, அப்போதுதான் மணிக்குள் பால் பிடிக்கிறது. நூல் வந்து சுமார் 20 நாளில் ஒரு மணியை நகத்தால் கீறிப் பாருங்கள், பால் வந்தால் பறிக்கலாம்.

பிறகு சேர்த்தது

மதியம் இலை சுருள்கிறதே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மண்ணில் ஈரம் இருந்து, மாலையில் இலை விரிந்துவிட்டால் பயமில்லை. காலை ஏழு மணிக்கே சுருண்டிருந்தால் உடனே தண்ணீர் விடுங்கள். மாடியில் பையில் வளர்ப்பவர்களுக்கு இந்த வாரக் கணக்கு ஒத்துவராது. பை சீக்கிரம் காயும், தினமும் விட வேண்டும். கடும் வெயிலில் காலை, மாலை இரண்டு வேளையும் பார்த்து விடுங்கள். பையின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.