'ஹெல்வெட்டிகாவே போடலண்ணே!': எழுத்துரு எம்பெட் செய்வதில் வரும் தவறுகள்

போன வாரம் ஆய்வு மாணவர் ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணே, கட்டுரையில நான் ஹெல்வெட்டிகாவே போடல. ஆனா அது எம்பெட் ஆகலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க." எம்பெட் என்றால் எழுத்துருவை பிடிஎஃப் கோப்புக்குள்ளேயே சேர்த்துவைப்பது; ஹெல்வெட்டிகா ஓர் ஆங்கில எழுத்துரு. சிரிப்புதான் வந்தது. 11 வருடத்துக்கு முன்னால் நானும் இதே வார்த்தைகளில் புலம்பியவன். மார்ஜின், பக்க அளவு இதெல்லாம் விதிமுறைத் தாளிலேயே இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

படத்துக்குள் ஒளிந்திருக்கும் எழுத்துரு

என் கட்டுரை லேட்டெக் என்ற ஆவணம் தயாரிக்கும் மென்பொருளில் எழுதியது. எழுத்துருத் தொகுப்பை மூன்று முறை மாற்றினேன். மூன்று முறையும் மாநாட்டின் சோதனை மென்பொருள் தள்ளிவிட்டது. கடைசி நாள் இரவு, ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துச் சோதித்தபோதுதான் ஐந்தாம் பக்கத்து வரைபடம் மாட்டியது. ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் வரைந்த படம் அது. லேட்டெக் தன் எழுத்துருக்களைச் சேர்த்துக்கொள்ளும்; நாம் உள்ளே செருகும் பிடிஎஃப் படங்களை அப்படியே ஒட்டிவிட்டுப் போய்விடும்.

பழைய கணக்கு ஒன்று இதற்குக் காரணம். டைம்ஸ், ஹெல்வெட்டிகா, கூரியர் ஒவ்வொன்றிலும் நான்கு, கூடவே சிம்பல், ஜாஃப் டிங்பேட்ஸ் என 14 எழுத்துருக்களை பிடிஎஃப் திறக்கும் மென்பொருளே வைத்திருக்கும், கோப்புக்குள் வைக்க வேண்டாம் என்று அந்தக் காலத்தில் விட்டார்கள். ஆரின் சாதாரண பிடிஎஃப் கட்டளை இன்னும் அந்த வழியில்தான் போகிறது; நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஹெல்வெட்டிகாவையே எடுத்துக்கொள்ளும். அச்சகத்தில் திறக்கும்போது வேறொரு எழுத்துரு வந்து உட்கார்ந்து, வரைபடத்தின் அச்சுக்கோடுகளில் எழுதிய எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் யாரைக் கேட்பது? அதனால்தான் பதிப்பகங்கள் பிடிவாதமாக இருக்கின்றன.

ஆரில் உள்ள கெய்ரோ பிடிஎஃப் கட்டளையில் படத்தை எடுத்தால் எழுத்துரு உள்ளேயே வந்துவிடும். ஏற்கெனவே எடுத்த படமென்றால் ஆரிலேயே எம்பெட் ஃபான்ட்ஸ் என்ற கட்டளை உண்டு. அதற்கு கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பிடிஎஃப் கையாளும் மென்பொருளை நிறுவியிருக்க வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டுகிறார்கள் பாருங்கள், சோதனையில் தேறும், அச்சில் கோடெல்லாம் கலங்கிப்போகும். இன்றைக்கும் அதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

டைப் 3

பைத்தான் மொழிக்காரர்களுக்கு: படம் வரையும் மேட்பிளாட்லிப் எம்பெட் செய்யும், ஆனால் டைப் 3 என்ற எழுத்துரு வகையாக. சில மாநாடுகள் ஏற்பதில்லை. மேட்பிளாட்லிப்பின் பிடிஎஃப் ஃபான்ட்டைப் அமைப்பை 42 (ட்ரூடைப் வகை) ஆக்குங்கள்.

'என் கணினியில் சரியாகத்தானே தெரிகிறது?'

தெரியும். எழுத்துரு உங்கள் கணினியில் இருக்கிறதே.

பார்க்காமல் அனுப்புவது

அக்ரோபாட் ரீடரில் கோப்பைத் திறந்து கண்ட்ரோல், டி இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். ஃபான்ட்ஸ் பகுதியில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'எம்பெடட்' அல்லது 'எம்பெடட் சப்செட்' என்று இருக்க வேண்டும். சப்செட் என்றால் பயன்படுத்திய எழுத்துகள் மட்டும் உள்ளே இருக்கின்றன, பயப்பட வேண்டாம்.

பாமினியில் அடித்த ஆய்வேடு

எம்பெட் சரியாக இருக்கும், தாளில் அழகாகவும் இருக்கும். 'தமிழ்' என்ற சொல்லை நகலெடுத்து வேறெங்காவது ஒட்டிப் பாருங்கள்: ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த எழுத்துரு அது. அப்படியே ஆய்வேடுகளுக்கான இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏற்றினால், உள்ளே இருக்கும் ஒரு தமிழ்ச் சொல்கூடத் தேடலில் அகப்படாது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டு பிடிஎஃப் எடுங்கள். மாற்றும்போது ஆங்கிலப் பகுதிகளைத் தனியே ஒதுக்கிவையுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் மொத்தமாகப் போட்டு மாற்றினார். நூற்பட்டியலில் இருந்த ஆங்கிலத் தலைப்புகளெல்லாம் புரியாத தமிழாகிப்போனதை வாய்மொழித் தேர்வுக்கு முதல் நாள்தான் பார்த்தார்.