கணினி பாகம் பழுதானால் வாரண்டி கோருவது எப்படி? புதியவர்களுக்கான வழிமுறை

மூன்று ஆண்டு வாரண்டி என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் மதர்போர்டு (மற்ற பாகங்கள் இணையும் தாய்ப்பலகை) இரண்டாம் ஆண்டிலேயே செயலிழந்தால், விற்ற கடைக்காரர் சர்வீஸ் சென்டருக்கு வழிகாட்டுவார். சர்வீஸ் சென்டரிலோ "பிசிக்கல் டேமேஜ்" என்று கூறித் திருப்பி அனுப்புவார்கள். இந்த அலைக்கழிப்பு நீடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம், வாடிக்கையாளரின் கையில் எழுத்துச் சான்று எதுவும் இல்லாததே. இந்தியாவில் வாங்கிய பொருளுக்கு அந்தச் சான்றை எப்படிச் சேர்ப்பது என்பதை இங்கே வரிசையாகப் பார்க்கலாம்.

படி 1: வாரண்டி யாருடையது?

பாகத்தின் மீதுள்ள சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இட்டு, வாரண்டி எந்தத் தேதி வரை உள்ளது என்று பாருங்கள். பிராண்டட் கணினியோடு வந்த ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், டிஸ்க் நிறுவனம் பொறுப்பேற்காமல் கணினி நிறுவனத்திடம் போகச் சொல்வது வழக்கம். பிராசஸர்களிலும் இதே வேறுபாடு உண்டு. இன்டெல் நிறுவனம் தன் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் ஏற்பட்ட கோளாறுக்காக 2024 ஆகஸ்டில் வாரண்டியை மேலும் 2 ஆண்டுகள் நீட்டித்தபோதும், பெட்டியோடு வாங்கியவர்கள் நேரடியாக இன்டெல்லை அணுகலாம் என்றும், பெட்டியில்லாத 'டிரே' வகையை வாங்கியவர்கள் விற்றவரிடமே செல்ல வேண்டும் என்றும்தான் அறிவித்தது. விலை சற்றுக் குறைவு என்பதற்காக டிரே வகையை வாங்குவோர் இதையும் கணக்கில் கொள்வது நல்லது. இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை அச்சிட்ட ஸ்டிக்கர் இல்லையென்றால், இங்கே வாரண்டி கிடைக்குமா என்று ஐயப்பட இடமுண்டு.

படி 2: பழுதைப் பதிவு செய்யுங்கள்

சீரியல் எண் குறிப்பிட்ட ஜி.எஸ்.டி. பில் அடிப்படைத் தேவை. ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. என்றால், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் காட்டும் நிலையை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ராம் என்றால், ஒவ்வொரு ராமையும் தனித்தனியாக ஒரே ஸ்லாட்டில் பொருத்தி, மெம்டெஸ்ட் என்ற சோதனை மென்பொருள் மூலம் சோதித்த திரையைப் படமெடுங்கள்.

மதர்போர்டில்தான் கூடுதல் கவனம் தேவை. பிராசஸர் அமரும் சாக்கெட்டின் பின்கள் (மெல்லிய ஊசிகள்) போர்டிலேயே இருக்கும் மதர்போர்டு வகைகளில், ஒரு பின் வளைந்திருந்தாலும் வாரண்டியை மறுத்துவிடுவார்கள். அது யார் கையில் வளைந்தது என்பதைப் பிறகு நிறுவவே முடியாது. ஆகவே ஒப்படைக்கும் முன் சாக்கெட்டை நல்ல வெளிச்சத்தில் மிக அருகிலிருந்து படமெடுத்து, புதிதாக வாங்கியபோது இருந்த பிளாஸ்டிக் மூடியை மறுபடி பொருத்துங்கள். அந்த மூடியைக் குப்பையில் போடுவோரே அதிகம்.

படி 3: தரவைக் காப்பாற்றுங்கள்

மாற்று டிஸ்க் கொடுக்கப்பட்டால் பழைய டிஸ்க் திரும்பி வராது. அதிலுள்ள கோப்புகளுக்கு நிறுவனம் பொறுப்பும் ஏற்காது. லேப்டாப்பில் டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்கினால், மதர்போர்டை மாற்றிய பிறகு விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அதை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

படி 4: ஒப்படைத்தல்

புகாரை இணையதளத்திலோ மின்னஞ்சலிலோ பதிந்து, புகார் எண்ணைப் பெறுங்கள். தொலைபேசியில் பேச நேர்ந்தால், பேசியவற்றை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். சர்வீஸ் சென்டரில் தரும் ஜாப் ஷீட்டில் (பொருளைப் பெற்றதற்கான சீட்டு) சீரியல் எண், பழுதின் விவரம், "வெளிப்புறச் சேதம் எதுவுமில்லை" என்ற குறிப்பு ஆகிய மூன்றும் இடம்பெற்ற பிறகே கையெழுத்திடுங்கள். "அதெல்லாம் சிஸ்டத்தில் இருக்கும் சார்" என்று ஊழியர் சொன்னாலும் தாளில் எழுதச் சொல்வதில் தவறில்லை. கவுண்டரில் சற்றுச் சலிப்பைத்தான் சம்பாதிப்பீர்கள்.

வாரண்டி மறுக்கப்பட்டால், காரணத்தைப் புகைப்படத்துடன் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக மறுப்பவர்களில் சிலர், எழுதித் தரச் சொன்னவுடன் மேலதிகாரியைக் கேட்டுவிட்டுப் பாகத்தை ஏற்றுக்கொள்வதுண்டு.

படி 5: மாற்றுப் பாகத்தைச் சரிபாருங்கள்

பெரும்பாலும் புதுப்பிக்கப்பட்ட பாகமே கிடைக்கும். அதற்கு விதிமுறைகள் இடமளிக்கின்றன. புதிய சீரியல் எண்ணுக்குப் பழைய வாரண்டியின் மீதிக்காலம் பதிவாகியுள்ளதா என்று இணையதளத்தில் உடனே பாருங்கள்.

படி 6: மேல்முறையீடு

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அங்கே சமரச முயற்சிதான் நடக்கும், தீர்ப்பு கிடையாது. அதிலும் பயனில்லையென்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நீங்கள் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை; வழக்கறிஞரும் கட்டாயமில்லை; 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். விற்ற கடை, தயாரிப்பாளர் இருவரையும் எதிர்தரப்பினராகச் சேர்த்தால், ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்புவது கடினமாகும். ஆய்வகச் சோதனை தேவையில்லாத வழக்கை 3 மாதங்களிலும், தேவைப்படுவதை 5 மாதங்களிலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் தாமதத்தை எதிர்பார்த்தே செல்ல வேண்டும். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டியிருப்பதால், மறுப்பு மின்னஞ்சலின் தேதி தெரியும்படி ஒரு நகல் எடுத்து பில்லோடு சேர்த்து வையுங்கள்.